ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) படம் தட்டையாகத் தெரிகிறது: வெளிச்சத்தைக் கூட்டினால் ஆழம் வருமா?

செம்பூர் ஸ்பேனர் | திங்கள், இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். செம்பூரிலிருந்து முலுண்ட் வரை ஏழெட்டு சின்ன நர்சிங் ஹோம்களுக்கு ஓ.டி. கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் இல்லை, டிப்ளமா படித்த மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு இடத்தில் ஒரு சர்ஜன், ஐம்பத்தைந்து வயது இருக்கும், கை சுத்தமான மனிதர், ஆறு வருடமாகப் பழக்கம். மூன்று மாதமாக ஒரே புகார்: "படம் இருட்டாக இருக்கிறது, ஆழமே தெரியவில்லை, ஊசியைப் பிடிக்கப் போனால் காற்றைப் பிடிக்கிறேன்." லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவையில், தையல் போடும்போதுதான் அதிகம் திணறுகிறாராம்.

அங்கே இருப்பது 300 வாட் செனான் லைட் சோர்ஸ், ஒரு எச்டி கேமரா, 10 மில்லிமீட்டர் 30 டிகிரி ஸ்கோப் (வயிற்றுக்குள் விடும் பார்வைக் குழல், நுனி சாய்வாகப் பார்க்கும்). டீலர் வந்து பார்த்தார், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்: மொத்தத்தையும் எடுத்துப் போட்டுவிட்டு த்ரீடி செட் வாங்குங்கள். அவர் சொன்ன விலைக்கு பத்லாபூரில் ஒரு வீடே வாங்கிவிடலாம். முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன்.

நடுவில் வேறு வழி இருக்கிறதா? லேமிங்டன் ரோட்டில் நல்ல எல்இடி வாங்கி, பழைய பெட்டிக்குள்ளேயே வைத்து வெளிச்சத்தை இரண்டு மடங்கு ஆக்கலாமா என்று யோசிக்கிறேன். திட்டாமல் சொல்லுங்கள்.

நாகர்கோவில் சிஸ்டர் | திங்கள், இரவு 11.52

திட்டத்தான் போகிறேன் தம்பி. பெட்டியைத் திறக்குமுன் கேபிளைப் பார்த்தீர்களா?

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் ஓ.டி.யில் நிற்கிறேன். "லைட் போதவில்லை" என்று சர்ஜன் கத்தினால் பத்தில் ஏழு தடவை கேபிள்தான் காரணம். சோர்ஸிலிருந்து கழற்றி ஒரு முனையை ஜன்னல் பக்கமோ டியூப்லைட் பக்கமோ காட்டுங்கள், மறு முனையை எட்டிப் பாருங்கள். உள்ளே தலைமுடி போல ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள். உடைந்தவை எல்லாம் கருப்புப் புள்ளியாகத் தெரியும். அங்கங்கே நாலு புள்ளி என்றால் விட்டுவிடலாம். நாலில் ஒரு பங்கு கருப்பு என்றால் அந்தக் கேபிளை வைத்துக்கொண்டு வெளிச்சம் பற்றிப் பேசுவதே வீண். கழுவுகிற பையன்கள் அதை மாடிக்குழாய்க்கு மாட்டும் பைப் மாதிரி இறுக்கிச் சுருட்டுவார்கள், சிலர் நடுவில் முடிச்சே போடுவார்கள். கண்ணாடி அப்பா, கண்ணாடி என்றால் கேட்பதில்லை. பெரிய வட்டமாகத் தளர்வாகச் சுற்றவேண்டும்.

அப்புறம் ஸ்கோப்பில் கேபிள் மாட்டுகிற குட்டிக் குழல் இருக்கிறதே, அதன் வாயைப் பாருங்கள். சரியாகத் துடைக்காமல் மாட்டியிருந்தால் அழுக்கும் ரத்தமும் சூட்டில் வெந்து பழுப்பாகப் பிடித்திருக்கும், டீ வடிகட்டியில் பிடிக்கும் கறை போல.

இன்னொன்று. வெளிச்சத்தைக் கண்டபடி கூட்டுவது விளையாட்டு இல்லை. ஒரு தடவை ஜூனியர் ஒருவர் ஸ்கோப்பைக் கழற்றித் துடைக்க எடுத்தார், எரிகிற கேபிள் முனையை அப்படியே பேஷன்ட் மேல் இருந்த பேப்பர் ட்ரேப்பில் (போர்வையில்) வைத்துவிட்டார். நான் வாசனையைத்தான் முதலில் கண்டேன். தூக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, ஓரம் எல்லாம் கருகி. தோலுக்குப் போகவில்லை, கடவுள் புண்ணியம். இதற்குப் பெயர் "குளிர் ஒளி" என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ.

நாலு துளை டாக்டர் | செவ்வாய், காலை 6.20

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஒன்று சேர்க்கிறேன்: வெளிச்சமும் ஆழமும் இரண்டு வேறு வியாதி. இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கக்கூடாது.

இந்த மும்பையில்தான், ஜே.ஜே. மருத்துவமனையில், 1990இல் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை எடுத்தார், இந்தியாவிலேயே முதல் தடவை. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஸ்கோப்பில் நேராகக் கண்ணை வைத்து வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கேமரா கிடையாது, ஒற்றைக் கண். நாங்கள் அதற்கடுத்த தலைமுறை. நாங்கள் கற்றுக்கொண்ட கேமராவின் படத்தை இன்றைக்குக் காட்டினால் மழையில் நனைந்த டிவி என்பீர்கள். அதிலேயே தைத்தோம்.

ஆழம் கண்ணில் மட்டும் இல்லை. கருவியின் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறோம், தசை குழிகிறதா என்று கவனிக்கிறோம். எது எதை மறைக்கிறது, பழகிய மேரிலேண்டின் (திசுவைப் பிரிக்கும் இடுக்கி) தாடை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, அதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேல் கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் அசைக்கச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பது வேகமாக நகரும், தூரத்தில் இருப்பது மெதுவாக. லோக்கல் ரயில் ஜன்னலில் பார்க்கிற அதே விஷயம். கேமரா பிடிக்கிற பையன் தூங்கி வழிந்தால் எந்த டீலராலும் ஆழம் விற்க முடியாது.

த்ரீடி தேவையில்லை என்பது என் கட்சி. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்காட்லாந்தின் டண்டீ குழு எழுதியது: 60 பித்தப்பை அறுவைகள், பாதி டூடி, பாதி த்ரீடி, நேரத்தில் வித்தியாசம் இல்லை. த்ரீடியில் செய்தவர்களுக்குக் கண் வலியும் தலைவலியும்தான் கூடுதல் லாபம்.

மூன்றாம் வருஷம் | செவ்வாய், பிற்பகல் 2.45

சார், மரியாதையோடு மறுக்கிறேன். நான் ஒரு அரசு மருத்துவமனையில் மூன்றாம் வருட ரெசிடென்ட், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

1998 த்ரீடியும் இன்றைய த்ரீடியும் ஒன்று இல்லை. அன்றைக்கு மாறி மாறி மூடித் திறக்கும் ஷட்டர் நுட்பம், படம் மினுக்கும், மங்கல் வேறு. இப்போது சினிமா தியேட்டரில் கொடுப்பது போன்ற லேசான போலராய்டு கண்ணாடி, எச்டி படம். எங்கள் ஸ்கில் லேபில் இரண்டும் இருக்கிறது. ட்ரெய்னர் என்கிற பயிற்சிப் பெட்டிக்குள் ஊசியைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட டூடியில் எனக்கு மூன்று நாலு தடவை குறி தவறும், த்ரீடியில் முதல் தடவையே பிடிக்கிறேன். முப்பது வருடம் பழகிய கைக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், எங்களுக்குத் தெரிகிறது. நீங்கள் கஷ்டப்பட்டுக் கற்றீர்கள் என்பதற்காக நாங்களும் மழை டிவியில்தான் கற்கவேண்டுமா?

ஆனால் டீலரையும் நம்பமாட்டேன். ஏனென்றால் ஆபத்தான தவறுகள் தூரத்தைத் தப்பாகக் கணிப்பதால் மட்டும் வருவதில்லை. 2003இல் லாரன்ஸ் வே குழு பித்தநாளம் வெட்டுப்பட்ட 252 கேஸ்களை அலசியது. 97 சதவீதத்தில் மூல காரணம் பார்வை மயக்கம், கை பிசகு அல்ல. சர்ஜன் பொது பித்தநாளத்தையே சிஸ்டிக் டக்ட் (பித்தப்பையிலிருந்து வரும், வெட்டவேண்டிய குழாய்) என்று மனதார நம்பி வெட்டியிருக்கிறார். படம் நன்றாகவே தெரிந்தது, அதைப் படித்ததுதான் தவறு. அதற்கு மருந்து ஸ்டிராஸ்பெர்க் 1995இல் சொன்ன முறைதான்: சிஸ்டிக் டக்ட்டுக்கும் கல்லீரலுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தைச் சுத்தமாகக் காட்டு, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரி, பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய் என்று பார்த்த பிறகு கிளிப் போடு. பணம் இருந்தால் ஐசிஜி சாயம். அது கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலக்கும், அகச்சிவப்புக் கேமராவில் பித்தநாளம் தனியாக ஒளிரும். அதுவும் லைட்டிங்தானே, எந்த வெளிச்சம் என்பதுதான் வேறு.

பவாய் பட்டகம் | செவ்வாய், இரவு 10.05

நான் மருத்துவம் இல்லை, லென்ஸ் வேலை. பகல் முழுக்க இதே பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு சிவாஜி பார்க்கில் பிட்ச்சைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பந்து விழுந்த தடமும் தனித்தனியாகத் தெரியும், செருப்புக் குழிகூட எடுப்பாகத் தெரியும். அதே பிட்ச்சை உச்சி வெயிலில் பாருங்கள், பாய் விரித்த மாதிரி. குழி எங்கும் போகவில்லை, நிழல் போய்விட்டது, அவ்வளவுதான். பாஸ்போர்ட் போட்டோவில் மூக்கு சப்பையாக விழுவதும் இதே காரணம்: ஃபிளாஷும் லென்ஸும் ஒரே இடத்தில்.

ஸ்கோப் என்பது நிரந்தர உச்சி வெயில். நுனியில் நடுவில் லென்ஸ், அதைச் சுற்றி ஒளி இழைகள். ஒளி புறப்படும் இடமும் பார்வை புறப்படும் இடமும் ஒன்று என்றால் நிழல் முழுக்கப் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கேமராவுக்குத் தெரியவே தெரியாது. ஆக, வாட்டைக் கூட்டக் கூட்டத் தட்டையான படம் பிரகாசமான தட்டைப் படமாகும். ஸ்பேனர் அண்ணா, உங்கள் எல்இடி யோசனையின் கோளாறு இதுதான்.

இரண்டாவது, தூரம். நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் கருவிக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ கால் பங்குதான் 10 சென்டிமீட்டரில் இருக்கும் திசுவுக்குப் போய்ச் சேரும். முன்னால் பளபளக்கும் ஸ்டீல், பின்னால் சிவந்த ஈரத் திசு. கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர் ஸ்டீலின் பளபளப்பைப் பார்த்து மிரண்டு மொத்தப் படத்தையும் இறக்கிவிடும். சர்ஜன் "இருட்டு" என்பார். ரத்தம் கசிந்தால் இன்னும் மோசம், ஹீமோகுளோபின் வெளிச்சத்தைக் குடித்துவிடும். கசிவை உறிஞ்சிவிட்டாலே படம் ஒரு படி வெளுக்கும், நர்ஸ்களுக்குத் தெரியும்.

த்ரீடி ஏன் வேலை செய்கிறது என்றால், நம் இரண்டு கண்ணுக்கும் இடையே ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி, 10 மில்லிமீட்டர் குழலுக்குள் இருக்கும் இரண்டு லென்ஸுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான். ஆனால் பார்க்கிற பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் சில சென்டிமீட்டரிலேயே இருப்பதால் அந்தச் சின்ன இடைவெளியே போதும். ரொம்பக் கிட்டப் போனால் கண் இழுக்கும். சாதாரண 30 டிகிரி ஸ்கோப்பை ஒரு மூலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க இஷ்டத்துக்குத் திருப்புகிறோமே, அந்தச் சுதந்திரமும் குறையும்.

டாக்டர் சார் சொன்ன அதே டண்டீ குழு 2002இல் இன்னொன்றும் செய்தது. ஒளியை ஸ்கோப்பிலிருந்து பிரித்து மேலிருந்து விழவைத்தார்கள், நிழல் கிடைத்ததும் வேலை திருந்தியது. ஒரு சின்னச் சோதனைக்கு நீங்களே தயார் செய்யலாம். பேஷன்ட்டில் வேண்டாம், ட்ரெய்னர் பெட்டியில். 5 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்று சும்மா கிடந்தால் அதற்குக் கேமரா மாட்டாமல், பக்கத் துளை வழியாக விளக்காக மட்டும் நுழைத்துப் பாருங்கள்.

(ஒரு கிளைக்கதை: 1806இல் போஸ்ஸினி மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் வைத்து உடம்புக்குள் எட்டிப் பார்த்தார். 1954இல் இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று ஹாப்கின்ஸும் நம்ம பஞ்சாப்காரர் நரிந்தர் சிங் கபானியும் நேச்சர் இதழில் எழுதினார்கள். சிஸ்டர் ஜன்னலில் காட்டிப் பார்க்கிற கேபிளுக்கு அந்த வகையில் கபானி தாய்மாமன் முறை.)

திரைக்கு அந்தப் பக்கம் | புதன், காலை 7.30

நான் மயக்க மருந்து கொடுக்கிற ஆள். த்ரீடி பற்றி யாரும் சொல்லாத ஒன்று: எனக்கு அது தெரியாது. தெரியாது என்றால் தெரியவே தெரியாது. சின்ன வயதில் மாறுகண், லேட்டாகத்தான் சரி செய்தார்கள், இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரு படமாகப் பார்க்க மூளை கற்றுக்கொள்ளவே இல்லை. எல்லோரும் தியேட்டரில் கையை நீட்டி மீனைப் பிடிக்கிறார்கள், நான் பாப்கார்னைப் பிடிக்கிறேன். என்னைப் போல உள்ளவர்கள் சர்ஜன்களிலும் உண்டு, பலருக்கு அது தெரியாமலே இருக்கும், டாக்டர் சார் சொன்ன ரயில் ஜன்னல் வித்தையால் ஒப்பேற்றியிருப்பார்கள். அத்தனை பணத்தைக் கொட்டுமுன் உங்கள் சர்ஜனைக் கண் டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு ஈயின் படத்தைக் காட்டி றெக்கையைக் கிள்ளச் சொல்வார்கள், இரண்டு நிமிட வேலை.

இன்னொன்று, த்ரீடி ஓ.டி.யில் கண்ணாடி போடாதவன் பார்ப்பது இரட்டைப் படம். நர்ஸ், நான், கேமரா பிடிப்பவர் எல்லோரும் போடவேண்டும். பக்கவாட்டில் நின்றால் எஃபெக்ட் போய்விடும்.

சும்மா ஒரு கேள்வி. அந்த சர்ஜனுக்கு மூன்று மாதமாகத்தான் புகார் என்கிறீர்கள். மூன்று மாதம் முன்னால் என்ன மாறியது?

செம்பூர் ஸ்பேனர் | ஞாயிறு, மாலை 5.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று மதியம் கேஸ் இல்லை, டாக்டர், நான், அங்குள்ள பிரதர் (ஆண் நர்ஸ்) ஒருவர், மூன்று பேரும் ஓ.டி.யில் உட்கார்ந்தோம்.

முதலில் கேபிள். சிஸ்டர் சொன்னபடி ஜன்னலில் காட்டினேன். கேரம் போர்டு பவுடரில் எறும்பு ஊர்ந்த மாதிரி, மூன்றில் ஒரு பங்கு கருப்பு. ஸ்கோப் வாயில் பழுப்புக் கறை இருந்தது, ஸ்பிரிட் பஞ்சில் நாலு தடவை துடைத்த பிறகுதான் போனது. பல்பு மீட்டர் 180 மணி காட்டியது, எனக்குச் சந்தேகம் வந்து கழற்றினேன், உள் கண்ணாடி புகை பிடித்துக் கிடக்கிறது. எனக்கு முன்னால் இருந்த சர்வீஸ்காரர் யாரோ பல்பை மாற்றாமல் மீட்டரை மட்டும் சுழியாக்கியிருக்கிறார். செனான் பல்பு 500 மணிக்குத்தான் என்பார்கள், இது எத்தனை 500 பார்த்ததோ. இன்னொரு நர்சிங் ஹோமிலிருந்து கேபிளையும் புது பல்பையும் கடன் வாங்கி மாட்டினேன். போட்டதும் டாக்டர் கண்ணைச் சுருக்கினார். பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஒயிட் பேலன்ஸ் திரும்ப எடுத்தோம். சரி, இருட்டு தீர்ந்தது.

ஆழம் தீரவில்லை. ட்ரெய்னர் பெட்டியில் கோழித்தோல் வைத்து ஊசி கொடுத்தேன். பத்துத் தடவை பிடிக்கச் சொன்னால் ஆறு தடவை காற்று. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடம்.

அப்புறம் பவாய் அண்ணன் சொன்ன வேலை. பழைய 5 மில்லிமீட்டர் ஸ்கோப்பை இடது பக்கத் துளையில் விளக்காக நுழைத்தேன், முதல் விளக்கைக் குறைத்தேன். கோழித்தோலின் ஒவ்வொரு புள்ளியும் எழுந்து நின்றது. நீடில் ஹோல்டரிலிருந்து கருப்பாக ஒரு நிழல் தோல் மேல் நீண்டு விழுந்தது. டாக்டர் கையை இறக்க இறக்க அந்த நிழல் வலது பக்கமிருந்து நுனியை நோக்கி ஓடி வருகிறது, நுனியும் நிழலும் ஒட்டுகிற இடத்தில் தோல் லேசாகக் குழிகிறது. அவர் எதுவும் பேசவில்லை. தூக்கினார், இறக்கினார், தூக்கினார், இறக்கினார், ஏழெட்டுத் தடவை, பையன் விளையாடுகிற மாதிரி. பத்துக்கு எட்டு பிடித்தார்.

பேஷன்ட்டில் இதைச் செய்யப் போவதில்லை. இன்னொரு துளை, இன்னொரு சூடான கேபிள், விளக்கு கேமரா பக்கம் திரும்பினால் திரை முழுக்க வெள்ளை. அதற்கென்றே செய்த கருவி வந்தால் பார்க்கலாம் என்றார். வீட்டு எல்இடி யோசனையை நானே கைவிட்டேன். மின்கசிவு, சூடு என்று எதற்கும் சோதனை இல்லாத பெட்டியில் பேஷன்ட்டைப் படுக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மயக்க மருந்து சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் என்ன மாறியது என்று. யோசித்தார். "ஒன்றும் இல்லையே, கண்ணாடிதான் மாற்றினேன்." ப்ரோக்ரெஸிவ் லென்ஸ். மேல் பாதி தூரத்துக்கு, நடுவில் ஒரு மெல்லிய பட்டை திரை தூரத்துக்கு, கீழே படிக்க. எங்கள் மானிட்டர் டிராலியின் உச்சியில், அவர் தலைக்கு மேல். ஒன்று தூரத்து லென்ஸ் வழியாக மங்கலாகப் பார்க்கிறார், இல்லையென்றால் நடுப்பட்டையைத் தேடி மோவாயைத் தூக்கிக்கொண்டு தைக்கிறார்.

மானிட்டரை இறக்கிக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தோம். பக்கத்து விளக்கை அணைத்தேன். பழைய கண்ணாடியைக் காரிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். பத்துக்கு ஏழு.

நாலு துளை டாக்டர் | ஞாயிறு, இரவு 8.15

நானும் போன வருடம் அதே லென்ஸ்தான் வாங்கினேன். நாளைக்கே மானிட்டரை இறக்கிப் பார்க்கிறேன். ரெசிடென்ட் அம்மா சிரிக்கவேண்டாம்.

மூன்றாம் வருஷம் | ஞாயிறு, இரவு 8.22

சிரிக்கவில்லை சார். ஆனால் அந்த நிழல் வித்தையை எங்கள் லேபில் செய்து பார்க்கப் போகிறேன். ஸ்பேனர் அண்ணா, பக்க விளக்கு எந்தக் கோணத்தில் வைத்தீர்கள்?

செம்பூர் ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8.50

அளக்கவில்லை மேடம். கேமரா ஆறு மணி என்றால் விளக்கு ஒன்பது மணிக்கு, கொஞ்சம் உயரத்தில். ரொம்பத் தாழ்த்தினால் நிழல் நீளமாகிக் கருவியையே மறைக்கிறது. டாக்டர் திரை தூரத்துக்கு மட்டும் ஒரு சிங்கிள் விஷன் கண்ணாடிக்கு மாட்டுங்காவில் ஆர்டர் கொடுத்துவிட்டார், ஈ டெஸ்டும் செய்துகொள்கிறாராம். த்ரீடி அதற்குப் பிறகு பேசலாம் என்று டீலருக்குச் சொல்லியாயிற்று.

நாகர்கோவில் சிஸ்டர் | ஞாயிறு, இரவு 9.30

எல்லாம் சரி தம்பி, அந்தப் பழைய கேபிளை என்ன செய்தீர்கள்? அலமாரியில் வைத்திருந்தால் அடுத்த மாதம் யாராவது ஸ்பேர் என்று எடுத்து மாட்டுவார்கள்.

செம்பூர் ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 9.41

நடுவில் வெட்டிவிட்டேன் சிஸ்டர். ஒரு துண்டு பிரதரின் பையன் கேட்டான், ஸ்கூல் புராஜெக்டுக்காம், முனையை டேப் சுற்றிக் கொடுத்தேன்.